ஜவாபு கேட்காத பாடல்

2020 ஊரடங்குக் காலத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வெளியிட்ட 'ஹம் ஹார் நஹீ மானேங்கே' என்ற ஹிந்திப் பாடல் பற்றி எமது வட்டங்களில் புகழ்ச்சியே மிகுதி. பிரசூன் ஜோஷி எழுதியது. ஒரு வங்கியின் ஆதரவில் வந்தது. மோஹித் சௌஹான், ஜாவேத் அலி, ஹர்ஷ்தீப் கௌர், சித் ஸ்ரீராம், ரஹ்மானின் மகள் கதீஜா எனப் பலர் தத்தம் வீடுகளிலிருந்தே பாடினர். சிவமணியின் தாளமும் மோஹினி டேயின் பேஸ் கிட்டாரும் ஆஸாத் கானின் சித்தாரும் அவ்வாறே வந்து சேர்ந்தன. 'நாம் தோற்க மாட்டோம்' என்பது தலைப்பின் பொருள். எனக்குள்ள இடர் அந்த 'நாம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது.

தொலைவிலிருந்து சேர்ந்து பாடுவது என்கின்றோம். உண்மையில் எவரும் சேர்ந்து பாடுவதில்லை. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். பத்து மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் சுமார் 30 மில்லிசெக்கன் பிந்தி வரும். அதுவரை பாடகர் சமாளிப்பார். வாட்ஸ்அப் அழைப்பில் தாமதம் அதைவிடப் பன்மடங்கு. ஆதலால் வழிகாட்டும் இசையைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் தனியே பாடி அனுப்ப, ஒருவர் அவற்றை ஒட்டுகிறார். 1993இல் வந்த பிராங்க் சினாட்ராவின் 'டூயட்ஸ்' இசைத்தட்டிலேயே கூடப் பாடியவர்கள் பலர் தொலைபேசி இணைப்பு வழியே வேறு ஊர்களிலிருந்து பாடினர். கொவிட் கண்டுபிடித்த முறையன்று இது.

ஒட்டுவதற்கு வசதியான பாடல் எப்படி அமையும்? ஆளுக்கொரு வரி, தாளம் இம்மியும் அசையாது. ரஹ்மானின் பாடல் அப்படியே. குரல்கள் ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் ஜாவேத் அலியைக் கேட்டதனால் ஹர்ஷ்தீப் வேறு விதமாகப் பாடினார் என்று சொல்லத்தக்க ஓரிடமும் என் காதுக்கு அகப்படவில்லை. வரிசையில் நிற்பவர்களின் பாடல் அது.

நாம் பழகிய மரபு வேறு. ஸுப்ஹான மவ்லிதில் ஒருவர் பைத்தை எடுக்க, சபை ஜவாபு சொல்கிறது. (மவ்லித் பற்றிய விவாதம் வேறு, அதன் இசையை மட்டுமே இங்கு பேசுகிறேன்.) சபை தளர்ந்தால் எடுப்பவர் குரலை ஏற்றுவார், முதியவரொருவர் இழுத்தால் எல்லோரும் இழுப்பர். களிகம்பில் எதிரே நிற்பவனின் கம்பு வராவிட்டால் அடி காற்றில் விழும். மீலாத் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிய ஆசிரியர்களுக்கு இது விளங்கும். விரலில் அடிபட்ட பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கும்.

மாத்தளையில் நான் கற்பிக்கும் கிராமத்திலும் இளைஞர்களின் கீதங்கள் இப்போது இப்படித்தான் உருவாகின்றன. பைத் படித்து வளர்ந்தவர்களில் நல்ல குரலுள்ளோர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கின்றனர். கையடக்கத் தொலைபேசி இல்லையேல் அக்குரல்கள் எமக்கில்லை. ஆகவே இம்முறையை நிராகரிக்க என்னால் இயலாது. மகனின் பதிவைத் தாய் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்குமிடத்தில் விமர்சகன் வாய் திறக்கலாகாது. எனினும் என்னிடம் வந்த ஒரு பதிவில், ஜவாபை ஒரே இளைஞர் ஐந்து தடவை பாடி அடுக்கியிருந்தார். ஐந்து குரலுக்கும் ஒரே எழுத்தில் அழுத்தம், ஒரே இடத்தில் மூச்சு. கேட்கக் கூட்டம் போலிருக்கிறது. கூட்டத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஊரிலுள்ளவர்கள் ஜவாபைக் கூடிப் பாடட்டும், அதைக் கேட்டபின் எடுப்பவர் தம் பகுதியை மறுபடி பாடட்டும் என்றேன். ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு விறாந்தையில் பாடித் தோஹாவுக்கு அனுப்பினர். திரும்பி வந்த பதிவின் மூன்றாம் கண்ணியில் தாளம் சற்றுப் பிசகுகிறது. விறாந்தையிலிருந்த வயோதிபக் குரலொன்று பிந்தி முடியும்வரை தோஹாவிலிருப்பவர் காத்திருந்து அடுத்த அடியை எடுக்கிறார். கணினியில் ஒட்டுகின்ற பையன் அதை நேராக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்றேன்.