கடைசிப் பக்கங்களின் ருசி

நிரல்மொழிப் புத்தகம் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்கிறார்கள். பின்னாலிருக்கும் சொல்லடைவைப் பார்க்கச் சொல்வேன். பொடி எழுத்தில், பத்தி பத்தியாக, விரல் வைத்து இறங்கும் அந்தப் பக்கங்களில்தான் எழுதியவரின் பொறுமை தெரியும். கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் 1988 பதிப்பில் ‘ரிகர்ஷன்’ என்ற சொல்லுக்கு நேரே உள்ள கடைசி எண் 269. புரட்டிப் போனால் அதே சொல்லடைவுப் பக்கம்! தன்னையே அழைக்கும் நிரலுக்குத் தன்னையே காட்டும் குறிப்பு. இங்கேயே இவ்வளவு மெனக்கெட்டவர்கள் உள்ளே அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மொழியின் எந்தப் பதிப்புக்கான விடை என்பதுதான் சிக்கல். 7-ஐ ஒற்றைச் சாய்கோடு போட்டு 2-ஆல் வகுத்தால் பைதன் 2 தருவது 3, பைதன் 3 தருவது 3.5. பழையதன் பராமரிப்பு 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது. அதன் விடைகளோ இன்னும் தேடலில் வந்து நிற்கின்றன. லுணுகலையில் உயர்தரத்துக்குப் பைதன் படிக்கும் பிள்ளைக்கு, சேரிடம் விடிந்த பிறகுதான் கேட்கலாம் என்ற இரவில், இது சின்ன விஷயமில்லை. புத்தகமும் பழசாகுமே? ஆகும்தான். ஆனால் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதை நல்ல புத்தகம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடும். பைதன் புத்தகத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு: மைனஸ் 7-ஐ இரட்டைச் சாய்கோடு போட்டு 2-ஆல் வகுத்தால் மைனஸ் 3 அல்ல, மைனஸ் 4; விடையைக் கீழ்நோக்கி இறக்குவதே அந்தக் குறியின் வழக்கம். அதைச் சொல்கிறதா என்று பதுளையில் புத்தகக் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.