குரூமியாவின் காது

லண்டனில் ஒரு சிறிய அமெச்சூர் குழு ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’வைப் பால் மாற்றிப் போட்டபோது எனக்குக் கிடைத்தது வேலைக்காரி வேஷம். குழுவில் என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர். வேஷம் தற்செயலாக வந்ததென்றே எல்லோரும் நம்பினோம், நானும்தான். பிரதியில் அது குரூமியோ என்கிற ஆண். மனைவியைப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் ‘அடக்கும்’ பெட்ரூச்சியோவின் வேலையாள். எங்கள் மேடையில் பெட்ரூச்சியோ பெண், அடக்கப்படும் கேத்தரீன் ஆண், நான் குரூமியா. 2019இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஜஸ்டின் ஆடிபர்ட் இதே நாடகத்தைப் பெண்கள் ஆளும் சமூகத்தில் நடப்பதாக மாற்றிப் போட்டிருந்தார். எங்கள் குழுவுக்கு அதுதான் தூண்டுதல்.

மேடைக்கு வந்ததும் குரூமியோவின் முதல் வேலை அடிவாங்குவது. தட்டு என்கிறான் எஜமான், கதவை. தன்னை அடிக்கச் சொல்வதாக வேலைக்காரன் எடுத்துக்கொள்கிறான் (அல்லது அப்படி நடிக்கிறான், பிரதி இரண்டுக்கும் இடம் தருகிறது). எஜமான் அவன் காதைப் பிடித்துத் திருகுகிறான். ஒரு ஆணைப் பெண் பட்டினி போடுவதைப் பார்வையாளர் எப்படி எதிர்கொள்வார்கள் என்று ஒத்திகையில் வாரக்கணக்கில் பேசினோம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல விவாதம். என் காதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டேன். “அது காமெடிதானே” என்றார் இயக்குநர். ஆக, கேத்தரீனுக்கு நடந்தால் வன்முறை, குரூமியாவுக்கு நடந்தால் காமெடி. ஆண் பெண்ணாகியும் இந்தக் கோடு நகரவில்லை.

பக்தினின் கார்னிவலைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. மேல் கீழாவதைக் கொண்டாடும் அவசரத்தில், கவிழ்ப்பது யார் கை என்று நாம் அதிகம் கேட்டதில்லை. ஷேக்ஸ்பியரின் பிரதிக்கு இது தெரிந்திருக்கிறது. முன்காட்சியில், குடித்து விழுந்துகிடக்கும் ஸ்லை என்கிற ஏழைக்கு ஒரு பிரபு விளையாட்டாகப் பிரபு வேஷம் போட்டுவிடுகிறார். அவனுக்கு மனைவியாக நடிக்கத் தன் ஏவல் பையனைப் பெண் உடை உடுத்தச் சொல்கிறார். இந்த நாடகத்தின் முதல் பால்மாற்றமே எஜமான் வேலையாளுக்கு இட்ட உத்தரவுதான். எங்கள் குழு இந்த முன்காட்சியை வெட்டிவிட்டது. நீளம் அதிகமாம்.

நான் மிகவும் விரும்பிச் செய்தது நான்காம் அங்கத்தின் தொடக்கம். குளிரில் முன்னால் ஓடிவரும் குரூமியோ, கூட வேலை செய்யும் கர்ட்டிஸின் காதில் முதலில் ஒன்று விடுகிறான். மேலிருந்து வாங்கியது கீழே இறங்குகிறது. பிறகு, ‘உனக்குச் சொல்லமாட்டேன்’ என்று சொல்லியே வழியில் நடந்ததைச் சொல்கிறான்: கேத்தரீனின் குதிரை சறுக்குகிறது, அவள் சேற்றில் விழுகிறாள். குதிரை சறுக்கியதற்கு எஜமான் வேலைக்காரனை அடிக்கிறான். அவளோ சேற்றில் நடந்துவந்து எஜமானை இழுத்து விலக்குகிறாள். நாடகம் முழுவதிலும் வேலைக்காரனுக்காக ஒருவர் சேற்றில் கால் வைப்பது இந்த ஒரு தடவைதான். அதுவும் மேடையில் நடப்பதில்லை. குரூமியோ சொன்னால்தான் உண்டு.

வேகமாகச் சொன்னால் சிரிப்பு வரும், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஒருநாள் நிதானமாகச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “டெம்போ போச்சு” என்றார்கள். மறுநாள் பழையபடி வேகமாகவே சொன்னேன். இதை வீரக்கதையாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடுத்த காட்சிக்கு அடுத்த காட்சியில் பசியோடு கெஞ்சும் கேத்தரீனை இதே குரூமியோ மாட்டிறைச்சி, கடுகு என்று ஆசைகாட்டி ஏய்க்கிறான். தன்னைக் காப்பாற்றச் சேற்றில் இறங்கியவரைத்தான். கடைசியில் அவளிடமும் அடிவாங்குகிறான். ஒவ்வொரு இரவும் அந்த ஏய்ப்பை நான் ரசித்துச் செய்தேன். அரங்கில் எனக்கு அதிகம் கைதட்டல் கிடைத்த இடமும் அதுதான்.

கடைசிக் காட்சியில், போய் அழைத்து வா என்று குரூமியோவுக்கு உத்தரவு வருகிறது. பதில் வசனம் எழுதப்படவில்லை. போக வேண்டியதுதான். நாடகம் முடிந்து பார்வையாளரோடு நடந்த உரையாடலில் முக்கால் மணி நேரம் கேத்தரீனின் அந்த இறுதிப் பேச்சைப் பற்றியே கேள்விகள். நானும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தேன், வேஷம் கலைக்காமல்.