மே ஐ கம் இன் சார்?

நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் பேசப் பழகும் ஆங்கில வாக்கியம் ‘மே ஐ கம் இன் சார்?’ கப்பல் படிப்புக்குப் போனதும் அவன் முதலில் மறக்க வேண்டியது அந்த ‘மே’யைத்தான். இரைச்சலுக்கு நடுவே விஎச்எஃப் வானொலிக் கருவியில் ‘மே’ என்று கேட்டால், அனுமதி கேட்கிறானா, ‘வந்தாலும் வருவேன்’ என்கிறானா என்று தெரியாது. ‘டூ ஐ ஹேவ் பெர்மிஷன்’ என்றே கேட்கச் சொல்கிறது எஸ்எம்சிபி. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட சொற்றொடர்த் தொகுப்பு அது.

அதன் பலம் அதன் வறட்சி. 150 என்றால் ‘ஒன் ஃபைவ் ஸீரோ’. ஒரு பொருளுக்கு ஒரே சொல். அதிகாரி ‘ஸ்டார்போர்டு டென்’ (வலப்பக்கம் பத்து) என்றால் சுக்கான் பிடிப்பவன் அதையே திருப்பிச் சொல்வான். சுக்கான் பத்து பாகைக்கு வந்ததும் மறுபடி சொல்வான். தமிழ் வழியில் படித்து, இலக்கணத்துக்குப் பயந்தே வளர்ந்த பையனுக்கு இது பெரிய விடுதலை. மொழியை வெட்டிச் செதுக்குவது கடலோடிகளுக்குப் புதிதும் அல்ல. வலப்பக்கத்துக்கான ‘ஸ்டார்போர்டு’, இடப்பக்கத்துக்கான ‘லார்போர்டு’ இரண்டும் காதில் ஒன்றாக விழுந்ததால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் பின்னதைக் கைவிட்டு ‘போர்ட்’ என்று மாற்றியது.

குறை வகுப்பறையில் இருக்கிறது. ஆசிரியர் சொல்ல, நாற்பது பேர் கோரஸாக ஒப்பிக்கிறார்கள். வாய் பழகுகிறது, காது பழகுவதில்லை. கப்பலில் எதிரே இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரராக இருப்பார், உக்ரைன்காரராக இருப்பார். புத்தகத்தில் இல்லாததையும் பேசுவார்.

2007 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் மூடுபனியில் காஸ்கோ பூசான் கப்பல் பாலத்தின் கோபுரத்தில் உரசி, சுமார் 2 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கொட்டியது. கப்பலுக்கு வழிகாட்டிய பைலட் சாப்பிட்ட மருந்துகள் அவருடைய கவனத்தை மங்கச் செய்தது ஒரு காரணம். அவரும் சீனக் கேப்டனும் தெளிவாகப் பேசிக்கொள்ளாததையும் விசாரணை சுட்டியது. அங்கே சொற்றொடர் பஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. சந்தேகத்தைத் திரும்பக் கேட்கும் பழக்கம்தான் இல்லை.

வெறும் ‘யெஸ்’ போதாது, கேட்டதை முழுதாகச் சொல்லிப் பதில் தர வேண்டும் என்பது எஸ்எம்சிபி விதியேதான். ஆனால் புரியாதபோதும் ‘யெஸ் சார்’ என்று தலையாட்டுவதுதானே நம் வகுப்பறை மரியாதை!

ஒரு பயிற்சி நிலையத்தில் பார்த்தேன். ஓர் ஆசிரியை இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, பக்கத்தில் மிக்சியை ஓடவிட்டார். ஒருவன் கையில் கடல் வரைபடம், அவன் சொல்வதைக் கேட்டு வரைய இன்னொருவன் கையில் வெற்றுத்தாள். முதல் இரண்டு முறை, தாள்காரன் காதில் விழாததை ஊகித்தே கோடு போட்டான். மூன்றாம் முறைதான் ‘சே அகெய்ன்’ வந்தது. கூடவே மெல்ல, ‘சாரி சார்.’