ஸ்டான் கெட்ஸ்: மூச்சும் மயக்கமும்

அமெரிக்க டெனர் சாக்சபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸின் (1927–1991) இசைக்குப் போதையே ஊற்றாக இருந்தது என்ற எண்ணம் ஜாஸ் ரசிகர்களிடையே இன்றும் உலவுகிறது. ஆனால் அவருடைய ஒலிப்பதிவுகளைக் காலவரிசைப்படி கேட்பவர்கள் அந்த முடிவுக்கு வர இயலாது.

பதினாறாம் வயதில் ஜாக் டீகார்டன் குழுவில் சேர்ந்த கெட்ஸ், உட்டி ஹெர்மன் குழுவுடன் 1948இல் பதிவுசெய்த 'ஏர்லி ஆட்டம்' வழியாகப் புகழ்பெற்றார். கமகங்களை இடைவிடாது இழைத்த கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோன் வாசிப்பை 'டூயட்' படத்தில் கேட்டுப் பழகிய ஈப்போ ரசிகர்களுக்கு, கெட்ஸின் பாணி முதலில் வெறுமையாகத் தோன்றக்கூடும். லெஸ்டர் யங்கின் வழியில் வந்த அவர், ஒலியை மென்மையாக்கி, இரு தொடர்களுக்கிடையே மௌனத்துக்கும் இடமளித்து, எடுப்பைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தவிட்டு வாசித்தார்.

போசா நோவா அவருக்குப் பொருந்தியதும் இதனால்தான். 1950களின் இறுதியில் ரியோ டி ஜெனீரோவில் உருவான இவ்விசை, சாம்பாவின் முரசுப் பெருக்கத்தை ஒற்றைக் கிட்டாருக்குள் சுருக்கியது. கட்டைவிரல் கீழ்ச்சுரங்களில் நடையைக் காக்க, மற்ற விரல்கள் பல சுரங்கள் சேர்ந்த கொத்துகளைத் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக இசைக்க, குரல் பேச்சளவுக்கே உயரும். சார்லி பேர்டுடன் 1962இல் 'ஜாஸ் சாம்பா'வைப் பதிவுசெய்த கெட்ஸ், மறு ஆண்டு பிரேசில் கலைஞர்களான ஜுவாவ் ஜில்பெர்டோ, ஜோபிம் ஆகியோருடன் உருவாக்கிய 'கெட்ஸ்/ஜில்பெர்டோ', ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை 1965இல் வென்றது. அதில் உலகையே முணுமுணுக்க வைத்த குரலுக்குரிய ஆஸ்ட்ருட் ஜில்பெர்டோவின் பெயர் ஆல்பத்தின் முகப்பில் இல்லை என்பதையும் இங்கே பதிவுசெய்தாக வேண்டும்.

இளமையிலேயே ஹெராயினுக்கு அடிமையான கெட்ஸ், 1954இல் சியாட்டிலில் மருந்துக்கடை ஒன்றில் கொள்ளையிட முயன்று கைதானார். பின்னாளில் மது அவரைப் பல்லாண்டுகள் ஆட்டிப்படைத்தது. இதைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவு என்று மட்டும் கூறுவது பாதி உண்மையே. பேராவின் ரப்பர்த் தோட்டங்களில் லயங்களுக்கு அருகிலேயே கள்ளுக்கடை திறக்கப்பட்டு, பால்வெட்டுக் கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு, வேலையிடமே போதையை விற்கும் நிலை புதிதன்று; ஜாஸ் கலைஞரின் வேலையிடமும் மது விற்பனையால் வாழ்ந்த இரவு விடுதியே. நியூயார்க்கில் அவ்விடுதிகளில் வாசிக்கக் காவல்துறையின் உரிம அட்டை தேவைப்பட்டதாலும், போதைக் குற்றத்துக்காக அது பறிக்கப்பட்டதாலும், சிகிச்சை தேவைப்பட்ட கலைஞர்கள் பிழைப்பையே இழந்தனர்.

கெட்ஸ் குடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் சிறந்த இசை பிறந்தது உண்மை. எனினும் 1980களின் பிற்பகுதியில் மதுவைத் துறந்த பின்பும், கல்லீரல் புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையிலும், 1991 மார்ச்சில் கோப்பன்ஹேகனில் பியானோ கலைஞர் கென்னி பாரனுடன் வாசித்த 'பீப்பிள் டைம்' முந்தைய சாதனைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. போதைதான் ஊற்று என்றால் இப்பதிவு வறண்டிருக்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் 6 அன்று அவர் காலமானார். கெட்ஸைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் 'கெட்ஸ்/ஜில்பெர்டோ'வுடன் நின்றுவிடாமல், இந்தக் கடைசிப் பதிவையும் கேட்டாக வேண்டும்.