பச்சிமிரியம் ஆதியப்பய்யா: தாதுவும் மாதுவும்

முகத்துவாரத்திலிருந்து வெள்ளவத்தை வரை, கர்நாடக இசை பயிலும் மாணவர் அட தாளத்துக்கு வந்ததும் ‘விரிபோணி’ வர்ணத்தைப் பாடமாக்குகிறார். அதை இயற்றிய ஆதியப்பய்யாவின் பெயரோ பாட்டுக் கொப்பியின் தலைப்போடு நின்றுவிடுகிறது. 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராட்டிய அரசவையில் விளங்கியவர் இவர். ஓர் உருப்படியைக் கொண்டு ஒருவரை நிறுக்கலாமா? அது விரிபோணி என்றால் நிறுக்கலாம்.

அவர் பெற்றவை தெளிவானவை. வீணையின் தானம் நடையைத் தந்தது. மெலட்டூர் வீரபத்திரய்யா காட்டிய வழி வடிவத்தைத் தந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் நாயகி பாவத்தைத் தந்தன. முதல் இரண்டையும் அவர் தமதாக்கிக்கொண்டார். மூன்றாவது இரவலாகவே நின்றது.

தாதுவை, அதாவது இசைப்பகுதியைப் பாருங்கள். பைரவியில் ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். இந்த முரணைப் பிடிகளாலேயே விளக்கி, ராகத்துக்கு இலக்கணம் வகுத்துவிடுகிறது வர்ணம். 14 அட்சர ஆவர்த்தனத்தில் ஐந்தைந்தாய் வரும் லகுக்கள் நீண்ட சஞ்சாரங்களுக்கு இடம் கொடுக்கின்றன. சரண ஸ்வரங்கள் நெடிலில் தொடங்கி நெருக்கத்துக்கு நகர்கின்றன. அலங்காரத்துக்காக ஒட்டவைத்த ஸ்வரம் என்று எதையும் உருவ முடியாது.

மாது, அதாவது சொற்பகுதி, அந்த உயரத்துக்கு வரவில்லை. மன்னார்குடி ராஜகோபாலனை முன்வைத்த சிருங்காரம் வழக்கமான வருணனையில் அடங்கிவிடுகிறது. க்ஷேத்ரய்யாவின் நாயகிக்கு ஒரு நிலைமை உண்டு, ஒரு வழக்கு உண்டு. இவளுக்கு அழகு மட்டுமே உண்டு. சொல்லும் அகாரமாய் இழுபட்டுச் சிதைகிறது. வர்ணத்தின் இயல்பே அது என்பது நியாயமான விளக்கம். ஆனால் விளக்கம் குறையை அழிக்காது.

இரண்டிலும் சிறந்தவரே உத்தம வாக்கேயகாரர், தாதுவில் மிகுந்து மாதுவில் தாழ்ந்தவர் மத்திமர் என்று இசை இலக்கண ஆசிரியர் சார்ங்கதேவர் வகுத்தார். அந்த அளவுகோலை ஆதியப்பய்யாவுக்காகத் தளர்த்த வேண்டியதில்லை: அவர் மத்திமரே. ஆனால் அவருடைய மாணவராகிய சியாமா சாஸ்திரி, அதே பைரவியில் அமைத்த ஸ்வரஜதியின் எட்டுச் சரணங்களையும் ஷட்ஜம் தொட்டு மேல் ஷட்ஜம் வரை ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்கி, பக்தியின் சொல்லையும் அதில் நிறைத்தார். குரு விட்ட குறை அங்கே தீர்ந்தது. குரு இட்ட அத்திவாரம் இல்லாமல் அது தீர்ந்திருக்காது. வாக்கேயகாரர் வரிசையில் இரண்டாம் இடம், வர்ணக்காரர் வரிசையில் முதலிடம்: இதுவே ஆதியப்பய்யாவுக்கு உரிய தீர்ப்பு.