எடைக்கல்லில் ஓர் ஆமை

ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் தோண்டியபோது கிடைத்த மூன்று வெண்கல எடைக்கற்கள் ஏறத்தாழ கி.மு. 500-ஐச் சேர்ந்தவை. ஒன்றில் கணுக்கால் எலும்பு, ஒன்றில் கேடயம், ஒன்றில் ஆமை, எல்லாம் புடைப்பாக. கூடவே ‘ஏதென்ஸ் மக்களின் பொதுச்சொத்து’ என்ற பொருளில் எழுத்துப் பொறிப்பு. இதைச் சிற்ப நயம் என்று மட்டும் ரசித்தால் பாதியைத் தவறவிடுவோம். எழுத்தறியாதவரும், ‘ஆமைக்கல்லை வெச்சுட்டு கேடயக்கல் கணக்குச் சொல்றியா?’ என்று வியாபாரியிடம் மல்லுக்கு நிற்கலாம். அலங்காரம் அங்கே சாட்சி.

ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகள் பொன்னை ‘ஆடவல்லான்’ என்ற கல்லாலும், மணி பதித்த நகைகளை ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற கல்லாலும் நிறுத்ததாகச் சொல்கின்றன. எடைக்கு இறைவன் பெயரே பிணை. ஆனால் அது கோயில் கணக்கு. சந்தைக் கணக்கு அல்ல.

இன்றைய சந்தைக்கு வருவோம். கொல்லிமலைச் சோளக்காட்டில் பலாவும் மிளகும் கொண்டுவந்து இறக்குகிறவருக்கு எது சாட்சி? மின்னணுத் தராசு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்வது அரசு முத்திரைதான். அது அதிகாரி பார்த்தால் மட்டும் போதாது. சரக்கு விற்கிறவர் கண்ணுக்கும் நேரா தெரியணும்.