புதிய பறவை: வாய்பாடே மறைவிடமாக

மர்மப் படங்களைத் தமிழாய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முடிவு தெரிந்துவிட்டால் மீண்டும் காண்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். தாதா மிராசி இயக்கிச் சிவாஜி பிலிம்ஸ் தயாரித்த 'புதிய பறவை' (1964) இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. முடிவை அறிந்தவர்களே இப்படத்தைத் திரும்பத் திரும்பக் காண்கின்றனர்.

இதன் கதைக்கரு கடன் வாங்கப்பட்டதே. 1958இல் வெளிவந்த 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' என்னும் ஆங்கிலப் படத்தில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட அண்ணன் தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் நாயகியின் வீட்டிற்குள் நுழைகின்றான். 1963ஆம் ஆண்டின் 'சேஷ் அங்க' என்ற வங்காளப் படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தபோது அண்ணனின் இடத்தில் மனைவி நிற்கின்றாள். இம்மாற்றம் சிறியதன்று. சொத்துரிமை பற்றிய ஐயம் இல்லறத்தின் ஐயமாக மாறிவிடுகின்றது. நிச்சயதார்த்த விருந்தில், இறந்த மனைவி சித்ரா தானே என்று ஒருத்தி வந்து நிற்க, அவள் தன் மனைவியல்லள் என்று கோபால் அலறும்போது அவையினர் நம்ப மறுக்கின்றனர். நாம் நம்புகின்றோம்.

ஏன் நம்புகின்றோம் என்பதே இங்கு முதன்மையான வினா. நாயகன் பழிசுமத்தப்படுவான், குற்றம் செய்யமாட்டான். இது நாம் பல படங்களில் பயின்ற வாய்பாடு. கதாசிரியர் குற்றவாளியை ஒளித்துவைத்த இடம் அதுவே. பாடல்களும் அவ்வாறே. காதற்பாடல் பொய் சொல்லாது என்பது தமிழ்த்திரையின் எழுதப்படாத விதி. இங்கோ லதாவின் காதற்பாடல்கள் காவல்துறை விசாரணையின் ஒரு பகுதி! பாடல்களே இல்லாத 'அந்த நாள்' (1954) எட்டாத மக்களை, பாடல்களையே திரையாக விரித்த இப்படம் எட்டியது. சிங்கப்பூர் விடுதியில் இன்பமாக ஒலித்த சித்ராவின் பாடல் பின்னர் அச்சுறுத்தலாகத் திரும்புவதும் இக்கலையின் பகுதியே. சோக வேடங்களில் பெயர்பெற்ற சௌகார் ஜானகியை இவ்வேடத்திற்குத் தெரிந்தெடுத்ததும் நல்ல துணிவு.

நம் நாட்டு வாசகர் மற்றொன்றையும் எண்ணிப்பார்க்கலாம். இப்படம் வெளிவந்த 1964 செப்டம்பரில் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். தமிழக இரசிகருக்கு அது கடல்கடந்த கவர்ச்சி நகரம். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கோ இரயிலேறினால் சென்றடையும் ஊர். இரயில்வே ஊழியர் குடியிருப்புகளைக் கொண்டிருந்த பிரிக்பீல்ட்ஸில் இரயிலோசை அன்றாட ஓசை. அவ்வோசை கேட்டுக் கோபால் நடுங்குவதை அப்பகுதியினர் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. கோபால் அறைந்ததால் சித்ரா இறக்கின்றாள். அவன் அவளுடலை இரயில் தண்டவாளத்தில் கிடத்துகின்றான். உண்மை வெளிப்பட்ட பின்னரும் படம் நம் இரக்கத்தை அவனுக்கே தருகின்றது. அவள் குடித்தாள், ஆடினாள் என்பதே அவள்மீதுள்ள குற்றப்பத்திரிகை. சிவாஜியின் இறுதி வாக்குமூலத்தில் உருகும் அவையினருள் எவரும் இறந்தவளை நினைப்பதில்லை. வகுப்பறையில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர், அவ்விடத்தில் படத்தை நிறுத்திச் சித்ராவைப் பற்றி மாணவரிடம் வினவலாம்.